இரண்டு ஓரகத்திகளும் ஒரு ஏர் கன்னும்

ஜூன் 28, வெள்ளி

துப்பாக்கி வந்துவிட்டது!

சந்தையில் பிடித்த புது மாட்டை ஓட்டிவருகிற பெருமையோடு என் வீட்டுக்காரர் லோகு அதைக் களத்துக்குள் கொண்டுவந்தார். ஏர் கன். குழலை நடுவில் மடக்கி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்ட வேண்டும், சின்னதாக ஓர் ஈயக் குண்டை வைக்க வேண்டும், சுட வேண்டும். "கடையில இருக்கறதுலயே வலுவானது எதுன்னு கேட்டேன், இதை எடுத்துக் குடுத்தான்" என்றார். வேறு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் கோழிப்பண்ணையில் பெருச்சாளித் தொல்லை எல்லை மீறிவிட்டது. தீவன அறையில் ஓட்டை விழாத மக்காச்சோள மூட்டை ஒன்றுகூடக் கிடையாது. கூண்டுகளுக்கு அடியில் அதுகள் ஓடுகிற ஓட்டத்தில் கோழிகள் மிரண்டு ஓடில்லாத தோல் முட்டையாக இடுகின்றன. விஷம் வைக்க முடியாது. விஷம் தின்ற எலி தீவனத்தில் விழுந்து செத்தால் அவ்வளவு கோழிக்கும் ஆபத்து. பொறி வைத்தோம். தேங்காய்ச் சில்லை மட்டும் பதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டன. பூனை வாங்கினோம். பூனை முட்டை குடிக்கிறது.

களத்துக்கு எதிர்ப்பக்கம் லோகுவின் அண்ணன் குணசேகரன் மச்சாண்டார் வீடு. பண்ணை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தீவன அறை நடுவில். மச்சாண்டாரின் மனைவி மரகதம், அதாவது என் ஓரகத்தி, தன் வாசலில் நின்று துப்பாக்கியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை அந்தம்மா என்னிடம் பேசியதை எல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதினால் விலாசத்துக்கும் இடம் மிச்சமிருக்கும்.

ஜூன் 29, சனி

லோகு சுட்டார். துப்பாக்கி பின்னால் எகிறிப் புருவத்தில் இடித்தது. புருவம் இப்போது கொழுக்கட்டை.

பெருச்சாளி நின்று பார்த்துவிட்டு மெதுவாகத்தான் போனது.

ஒரு சங்கதி. குழலை மடக்க லோகு முழங்காலில் வைத்து, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துத் தவித்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் எடுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பு. கல்லூரியில் குண்டு எறிதலில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வாங்கிய கை இது. அந்தக் குண்டு பெரிசு, இந்தக் குண்டு சின்னது. அவ்வளவுதான் வித்தியாசம். இதை லோகுவிடம் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பெரிய ரகளை.

கோழிகள் இருக்கிற கொட்டகைக்குள்ளேயே சுடக் கிளம்பிவிட்டார் லோகு. வேண்டாம் என்றேன். எலி தப்பித்தது, கூண்டுவரிசைக்குத் தண்ணீர் போகிற குழாய் தப்பவில்லை. குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. அவ்வளவு வலு! இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்ச, கீழே கிடந்த எரு முழுக்க நனைந்து, சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள ஈ எல்லாம் எங்கள் விருந்தாளி.

மச்சாண்டார் ஓடிவந்தார். "ஏண்டா, எலியச் சுடச் சொன்னா பைப்பைச் சுடறயா?"

"நீங்க ஒரு நாளாச்சும் கைல எடுத்துப் பாத்தீங்களா? உக்காந்து பேசறது சுலுவு."

"எவனாச்சும் கேட்டா சிரிப்பான்டா."

"சிரிக்கட்டும். நம்ம ரெண்டு பேருக்கும் சரிப்படாதுங்ணா. பாகத்தப் பிரிச்சிரலாம்."

"பிரிச்சிக்கோ. நாளைக்கேன்னாலும் சரி."

நாளைக்கு ஆகாது. பத்திரம், சர்வேயர் எல்லாம் இருக்கிறது. அதற்குள் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் பாகம் பிரிக்க மாட்டார்கள். ஆவணியில் என்று முடிவானது. ஆளுக்கு இரண்டு கொட்டகை, களத்துக்கு நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர்.

துப்பாக்கியை லோகு பரணில் வீசிவிட்டார். எனக்கோ தரையில் கால் பாவவில்லை. சுவர்! இனி அந்தம்மா முகத்தைப் பார்க்காமலே கோலம் போடலாம்.

ஜூலை 3, புதன்

சுவர் வந்ததும் என் பக்கம் முல்லைப் பந்தல் போடுவேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆண்கள் இருவரும் பரமத்திக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள், தனித்தனி பைக்கில்.

மத்தியானம் தீவன அறையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். அந்தம்மா! கையில் ஒரு பழைய சின்ன ஏர் கன். சேலையை வரிந்து கட்டி, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியிருந்தார். சினிமாவில்கூட அப்படி ஒரு அழகான தோரணையை நான் பார்த்ததில்லை. (அழகு என்றது தோரணையைத்தான்.)

பெருச்சாளி மேல் குண்டு பட்டுவிட்டது. ஆனால் அது கீச்சென்று கத்திக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் ஓடிவிட்டது. அந்தம்மா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைத் தள்ளப் பார்த்தார். முடியவில்லை. வலது தோள்பட்டையில் பிடிப்பு, கையைத் தூக்கினாலே முகம் சுளிக்கிறார்.

"என்னாச்சுங்க்கா?" என்று கேட்டுவிட்டேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"பட்டுருச்சு, சாகல. வா, இந்த மூட்டையப் புடி. வெசயாப் புடி."

நான்கு மூட்டை நகர்த்தினேன். அது அங்கே இழுத்துக்கொண்டு கிடந்தது. மண்வெட்டியால் ஒரே போடு போட்டு முடித்தார். அப்புறம் மூட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"குறி வெச்ச எடத்துலதான் பட்டுது. இந்தத் துப்பாக்கிக்கு வலு பத்துல. எம்பட தம்பி காக்கா வெரட்ட வெச்சிருந்தது. எலியக் கொல்லோணும்தான். அதுக்காகத் துடிக்க உடறதா?"

எனக்கு அவரைப் பிடிக்காது. அதில் மாற்றமில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 10, புதன்

களத்தைத் தாண்டி என் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்கூட்டுத் துப்பாக்கி எங்க?"

"பரண் மேலங்க்கா."

"அதுல வலு இருக்குது. எங்கிட்டக் குறி இருக்குது. ஆனா அதை மடக்க எந்தோளு ஒத்துக்காது."

மடக்க என் கை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பரணில் ஏறி எடுத்துவந்து அவர் கண்முன்னால் ஒரே இழுப்பில் மடக்கிக் காட்டினேன். அந்தம்மாவின் கண் இரண்டும் முட்டையாகிவிட்டது. "ஆத்தாடி!" என்றார். ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

மூட்டை அடுக்குக்கு முன்னால் காலி டப்பாவை வைத்துச் சுட்டோம். அவர் சுட்டது எதுவும் படவில்லை. மேலே ஒன்று, இடதுபுறம் ஒன்று, ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. மூட்டைகளில் விழுந்த ஓட்டைகளிலிருந்து மக்காச்சோளம் சரசரவென்று கொட்டியது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நின்றோம். இன்னொரு ஓட்டை கொட்டியது. விரல் போதவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது பாருங்கள், மூட்டைமேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு... அந்தச் சத்தத்துக்கு அறையில் இருந்த எலியெல்லாம் சேந்தமங்கலம் தாண்டியிருக்கும்.

பெருச்சாளி ஒழிய வேண்டுமே என்றுதான் நான் இதில் சேர்ந்தது. வேறு காரணம் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

மரகதக்கா கல்லூரியில் என்.சி.சி.யாம்! திருச்சியில் நடந்த முகாமில் ரைபிள் சுட்டுக் கோப்பை வாங்கியிருக்கிறார். ஊர்த் தேர் திருவிழாவில் பலூன் கடைக்காரன் இவரைக் கண்டாலே, "அம்மிணி, உனக்குக் காசு வாபஸ் தர்றேன், போயிரு" என்பானாம். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேட்டயா?" என்றார். கேட்கவில்லைதான்.

இன்று ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தோம். பழைய காலண்டர் தாளில் வட்டம் போட்டு மூட்டைமேல் ஒட்டினோம். இந்தத் துப்பாக்கியில் ஸ்பிரிங் உள்ளே துள்ளும்போது குண்டு இன்னும் குழலை விட்டு வெளியேறியிருக்காது. அந்தத் துள்ளலை அடக்குகிறேன் என்று அக்கா இறுக்கி இறுக்கிப் பிடித்தார். இறுக்க இறுக்க விலகியது. கடைசியில் கை ஓய்ந்துபோய், "சித்தே கையை நீட்டு" என்று என் உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா படுக்கப்போட்டு, விரலால் தொட்டும் தொடாமல் விசையை அழுத்தினார்.

வட்டத்தின் நடுவில்!

மறுபடி செய்தோம். மறுபடி வட்டத்துக்குள்.

"அட, எகிறாதேன்னு புடிச்சா எகிறுது. எகிறினா எகிறிக்கோன்னு உட்டா நேராப் போவுது."

"மனுசரு மாதிரிங்க்கா."

"யாரு, உம்புருசனா எம்புருசனா?"

மறுபடியும் மூட்டைமேல் சாய வேண்டியதாகிவிட்டது.

ஆனால் இன்னும் ஒரு குறை. வட்டத்துக்குள் போகிறதே தவிர, பக்கத்துப் பக்கத்தில் விழவில்லை. தவிர, குண்டு முன் மூட்டையைத் துளைத்துப் பின் மூட்டைக்குள் போய்விடுகிறது. இத்தனை வலு எதற்கு? எலி என்ன காட்டெருமையா?

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. வெளியே களத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தோம். அம்மி பறக்கிற காற்றில் கடுகளவு குண்டு என்ன செய்யும்? தாளை விட்டுவிட்டு வேப்பமரத்துக்குப் போனது. "இனி அறைக்குள்ளதான். அதுவும் கதவுகிட்ட இருந்து மூட்டை வரைக்கும்தான். அதுக்கு அக்கட்ட இருந்தா எலி நம்ம சொந்தக்காரன்னு உட்டுரோணும்" என்று அக்கா சட்டம் போட்டார்.

ஜூலை 19, வெள்ளி

சேலம் போய்வந்தோம்!!

நான் அம்மாவுக்குப் பல்வலி என்று சொல்லிக் கிளம்பினேன். அக்கா ஆடி வெள்ளி, அம்மன் கோயில் என்று கிளம்பினார். வெவ்வேறு நேரத்தில் வீட்டை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டில் அன்றுதான் பார்த்த மாதிரி, "அடடே, நீங்களா!" என்று நடித்தோம். பார்க்க யாரும் இல்லை. இருந்தாலும் நடித்தோம்.

துப்பாக்கியைக் கோரைப்பாயில் சுருட்டி வைத்திருந்தோம். கண்டக்டர், "பாயைப் படுக்கப் போடுங்கம்மா, தலையில இடிக்குது" என்றார். "அது நின்னாத்தானுங்க தூங்கும்" என்றார் அக்கா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராசிபுரம் வரை என் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது.

துப்பாக்கிக் கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "சார் வண்டி நிறுத்திட்டு வர்றாருங்களா?"

"சாரெல்லாம் இல்லீங்க. நாங்கதான்" என்றேன்.

"சொல்லுங்க மேடம். இதைவிட வலுவா வேணுமா? எல்லாரும் வந்து அதைத்தான் கேப்பாங்க."

"வலு இருக்குதுங்க" என்றார் அக்கா. "அதைக் கொஞ்சம் கொறைக்கத்தான் வந்தோம்."

கடைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். "கொறைக்கவா? இருவது வருசத்துல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லீங்களே!"

அக்கா விளக்கினார். பெருச்சாளி, தீவன அறை, கதவிலிருந்து மூட்டை வரை தூரம். பட்டால் அந்த இடத்திலேயே சாக வேண்டும், அதற்குத் தேவையான வலு இருந்தால் போதும். அதற்குமேல் இருக்கிற வலு குறியைக் கலைக்கிறது. கடைக்காரர் கேட்கக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே போய்க் கொஞ்சம் மிருதுவான ஸ்பிரிங் கொண்டுவந்து மாற்றினார், உள்ளே கிரீஸ் போட்டார். "இதுக்கு இந்தக் கனமான குண்டு பாருங்க. மெதுவாத்தான் போகும், ஆனா சண்டைக்கு நிக்காது, போற வழியில போகும்." விதவிதமாக மூன்று டப்பா வாங்கினோம். எது எங்கள் குழலுக்குச் சேரும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். "பொண்ணு பாக்கற மாதிரி" என்றார். "மாப்ள பாக்கற மாதிரின்னு சொல்லுங்க, நாங்கதான பாக்கறோம்" என்றார் அக்கா.

அப்புறம் ஆளுக்கு இரண்டு தட்டுவடை செட். அக்கா காரச் சட்னி கூடக் கேட்டு வாங்குவார், பூண்டு இருந்தால் ஒதுக்குவார், சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். கோயிலுக்கும் போனோம். பொய்யில் பாதியாவது உண்மையாக இருக்கட்டுமே.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டாவது டப்பாதான் மாப்பிள்ளை. காலண்டர் தாளில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்கு அடியில் மறைகிறது.

சாயங்காலம் விளக்குப் போடும் முன்னால் முதல் பெருச்சாளி. நான் மடக்கிக் கொடுத்தேன், உள்ளங்கையை நீட்டினேன். அக்கா மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, தொட்டார். அது இருந்த இடத்திலேயே சாய்ந்தது. கத்தவில்லை, காலைக்கூட உதறவில்லை.

"அதுக்கே தெரியாது" என்றார் அக்கா மெதுவாக. அந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. பசியாக இருக்கும்.

ஜூலை 22, திங்கள்

இரண்டு.

ஜூலை 23, செவ்வாய்

எலி வரவில்லை. இருந்தாலும் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 27, சனி

நானும் சுடப் பழகுகிறேன். இன்று ஒரு மூட்டையைக் கொன்றேன்.

மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டிருக்கும்போது ரொம்ப நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "அக்கா, நான் கல்யாணமாகி வந்த புதுசுல எனக்குக் கைராசி இல்லன்னு சொன்னீங்களாமே?"

மறுப்பார் என்று நினைத்தேன். "ஆமா, சொன்னேன். அப்ப உன்னையப் புடிக்கல."

"ஏனுங்க்கா?"

"நீ வந்தன்னிக்கி எல்லாரும் உன்னையே பாத்தாங்க. நான் போட்டிருந்த பட்டுச் சீலை உன்னுதவிட நல்லா இருந்துச்சு. ஒருத்தர் பாக்கல."

அவ்வளவுதானா! ஆறு வருஷம் இதற்கா ராத்திரியில் விழித்துக்கிடந்தேன்? "என்ன கலருங்க்கா?" என்றேன். "மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு." எடுத்துவரச் சொன்னேன். எடுத்துவந்தார். தீவன அறையில், தவிட்டு வாசனைக்கு நடுவில், அந்தச் சேலையை நான் நன்றாகப் பார்த்தேன். உண்மையாகவே என்னுடையதைவிட நல்ல சேலை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. மோகனூரில் காவிரிக்குப் போய்வந்தோம், இரண்டு வீடும் தனித்தனியாக.

திரும்பி வந்தால் கொத்தனார் காத்திருந்தார். அண்ணன் ஒரு முனை, தம்பி ஒரு முனை கயிற்றைப் பிடிக்க, களத்துக்கு நடுவில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். களத்து வாசலிலிருந்து தீவன அறைக் கதவு வரை, நேர் கோடு. கதவு மச்சாண்டார் பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கத்துக்கு வேறு கதவு உடைப்பார்களாம், உள்ளேயும் தடுப்பு வைப்பார்களாம்.

எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் முல்லைப் பந்தலுக்கு இடம் பார்க்கலாம் என்று போனேன். காற்றில் சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது. சாப்பிடும்வரை எரிந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒரு கிழட்டுப் பெருச்சாளி இருக்கிறது. பூனையைவிடப் பெரிசு. சாவகாசமாக வருவான், மூட்டை மூட்டையாக மோந்து பார்ப்பான், பிடித்ததைத் திறப்பான். விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி ஒரு நடை. பெயரே 'சம்பந்தி' என்று வைத்துவிட்டோம்.

இன்று மாலை வந்தான். அக்கா குறி வைத்தார். நான் உள்ளங்கையை அசைக்காமல் வைத்திருந்தேன், கை மரத்துவிட்டது. அவன் தலையைத் திருப்பவே இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அக்கா துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

"சுட்டிருக்கலாமேங்க்கா!"

"பட்டிருக்கும். சாவானான்னு தெரியல. தெரியாததைச் சுடக்கூடாது."

சம்பந்தி தின்று முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு போனான். எனக்குக் கோபமே வரவில்லை. மரத்த கையை அக்கா தேய்த்துவிட்டார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சம்பந்தி முடிந்தான்!

மக்காச்சோளத்தில் கொஞ்சம் வெல்லப்பாகு பிசறி, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தது என் யோசனை. வந்தான். தின்றான். நான் நாக்கைச் சொடுக்கி 'டக்' என்றேன். நின்று, தலையைத் திருப்பி எங்களை நேராகப் பார்த்தான். அக்காவுக்கு அந்த ஒரு பார்வை போதும்.

நாங்கள் குதித்த குதியில் தகரக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. அக்கா தோள் வலியை மறந்து என்னைத் தூக்கப் பார்த்தார். நான் அவரைத் தூக்கிவிட்டேன்! மூட்டையைவிட லேசு. "எறக்கி உடுடி, யாராச்சும் பாத்தா!" என்று என் தலையில் அடித்தார். 'டி' போட்டுவிட்டார். முதல் தடவை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தோல் முட்டை அநேகமாக நின்றுவிட்டது. லோகு, "பாத்தயா, நான் வாங்கின பூனை" என்கிறார். அந்தப் பக்கம் மச்சாண்டார், எலி போனது அறைச் சுவர் ஓட்டையில் தான் அடித்த தகரத்தால்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பூனை இப்போதும் முட்டைதான் குடிக்கிறது.

ஆகஸ்ட் 21, புதன்

நாளைக்குப் பாகம். செங்கல் வந்து இறங்கியாகிவிட்டது. ஒரு வாரமாக லோகு சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

களத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாகம் பிரிக்க வந்தவர் லோகுவின் சித்தப்பா சென்னியப்பன். கொட்டகை, கிணறு, டெம்போ, தராசு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்கள். நாங்கள் ஆளுக்கொரு வாசலில் நின்றோம். இந்த மாதிரி இடத்தில் மருமகள்கள் வாய் திறக்கிற வழக்கம் இல்லை.

"அப்பறம் ஒரு துப்பாக்கி இருக்குதாமே?" என்றார் சித்தப்பா.

"அந்தச் சனியன் எனக்கு வேண்டாங்க சித்தப்பா. அண்ணனே வெச்சுக்கட்டும்" என்றார் லோகு.

"எனக்கெதுக்கு அந்த எழவு? ஆத்துல போடச் சொல்லுங்க" என்றார் மச்சாண்டார்.

"எங்களுக்கு வேணும்!"

இந்தப் பக்கமிருந்து நானும் அந்தப் பக்கமிருந்து அக்காவும் ஒரே நேரத்தில். சத்தமாக. தலைகள் எல்லாம் இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை திரும்பின.

"எங்களுக்குன்னா? எந்த எங்களுக்கு?" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு என் கால் தானாக நடந்தது. சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலேயே போய் நின்றேன். "துப்பாக்கியை மடக்கறது நானுங்க. சுடறது அக்கா. அவங்களால மடக்க முடியாது, எனக்குக் குறி வராது. பண்ணையில எலியெல்லாம் பூனையாலயும் போகல, தகரத்தாலயும் போகல. நாங்க ரெண்டு பேரும் சுட்டதால போச்சு. நீங்க என்ன வேணும்னாலும் பிரிச்சுக்குங்க. நடுவுல சுவரு மட்டும் வேண்டாம்."

லோகு என்னைப் பார்த்த பார்வையில் பாதி கோபம், பாதி என்னவென்று தெரியவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா இறங்கி வரவில்லை. தன் வாசலிலேயே நின்றார். ஒரு நிமிஷம் எனக்கு உலகமே நின்றுபோனது. தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேனா? எனக்கு மட்டும்தானா?

அப்புறம்தான் கவனித்தேன், அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இடது கன்னத்தில் குழி.

இறங்கி வந்தார். கோட்டின் மேல் என் பக்கத்தில் நின்று சித்தப்பாவிடம் சொன்னார். "ஏனுங் மாமா, சுவரு வெச்சா எலி எந்தப் பக்கம்னு பாத்தா ஓடும்? இவ பக்கத்து எலிய ஆரு சுடறது? நாங்க ஒண்ணா ஒட்டுக்காத்தான் இருப்போம். சுவரு வெச்சீங்கன்னா ஏறிக் குதிச்சுப் போவேன். இந்தத் தோளோட ஏறுவேன். அப்பறம் ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் கூட்டீட்டுப் போவோணும்."

பாயில் இருந்தவர்களில் யாரோ முதலில் சிரித்தார்கள். சித்தப்பா மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். அது அடங்கியதும், "பாகம் பாகமாவே இருக்கட்டும். சுவரு வேண்டாம், அந்தச் செங்கலைத் திருப்பி அனுப்பீருங்க. ஏம்ப்பா, சம்மதமா?" என்றார்.

மச்சாண்டார் தரையைப் பார்த்து, "எனக்கொண்ணுமில்லீங்க" என்றார். லோகு வானத்தைப் பார்த்து, "எனக்குமில்லீங்க" என்றார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை இல்லை. கணக்கு இனி தனித்தனி. கொட்டகைகளும் தனித்தனி. களம் மட்டும் ஒன்று.

வீட்டுக்குள் வந்ததும் லோகு கேட்டார், "நெசமாவே ஒரே இழுப்புல மடக்குவயா?" மடக்கிக் காட்டினேன். வெகுநேரம் துப்பாக்கியையே பார்த்துவிட்டு, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டாம் முறை சோறு கேட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் தீவன அறை. ஒரு குட்டிப் பெருச்சாளி வந்தான். சம்பந்தியின் பேரனாக இருக்கும், அதே நடை. நான் மடக்கினேன், உள்ளங்கையை நீட்டினேன், அக்கா குறி வைத்தார். எல்லாம் சரி. அந்த நேரம் பார்த்து அக்கா என் காதில், "அன்னிக்கி கோட்டுமேல நின்னப்போ உம்பாவாடை நாடா வெளிய தொங்குச்சு" என்றார்.

"அக்கா! அதுக்கா சிரிச்சீங்க?"

"வேறெதுக்குன்னு நெனச்ச?"

அவ்வளவுதான். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்மேல் விழுந்தார். துப்பாக்கியைப் பத்திரமாக மூட்டைமேல் வைத்துவிட்டுத்தான் விழுந்தார், அதில் தவறமாட்டார். பேரன் பயந்து மூட்டை அடுக்கில் ஏற, காலி வாளிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே உருண்டு ஒரே அமர்க்களம். எங்களுக்கு மூச்சே வரவில்லை. கத்துகிறோமா சிரிக்கிறோமா என்று எங்களுக்கே தெரியவில்லை.

அவரவர் கொட்டகையிலிருந்து இரண்டு ஆண்களும் ஓடிவந்தார்கள். ஒரே கதவு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து, நெஞ்சோடு நெஞ்சு இடித்து, வாசலில் மாட்டிக்கொண்டார்கள்.

"என்னடா ஆச்சு?" என்றார் மச்சாண்டார், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு.

"தெரியலீங்ணா" என்றார் லோகு.

நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.